கடலோடு போகும் புள்ளிகள்

"ஸ்கிரீன்ல புள்ளி புள்ளியா வருது மேடம். இன்னிக்கே வந்து எடுத்து விட்டுட்டுப் போயிடுங்க" என்று காலையில் போன் வந்தது. சட்டையில் பட்ட கறையைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னார். எந்த மெஷின் என்று கேட்டேன். மேசைக்கு அடியில் கறுப்பாக ஒரு பெட்டி இருக்கிறது, ரொம்பச் சத்தம் போடுகிறது, லினக்ஸ் என்று மேலே ஒட்டியிருக்கிறது என்றார். அவ்வளவு போதும். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

என் பெயர் தங்கபுஷ்பம். ஊர் பாளையங்கோட்டை. மூன்று மாவட்டங்களில் பழைய கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆள் இப்போது நான் ஒருத்திதான். புதிய மெஷின்களைத் திறக்க முடியாது, கெட்டுப்போனால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவார்கள். என்னைக் கூப்பிடுபவர்கள் எல்லாம் வேறு வழியில்லாமல் கூப்பிடுபவர்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. வேறு வழியில்லாதவன்தான் கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்வான்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களைத் தாண்டிக் கடற்கரைச் சாலையில் இருந்தது அந்தக் கட்டடம். கடல் தேடல் மையம், ஐந்தாம் பிரிவு. கடலில் காணாமல் போகிறவர்களை ட்ரோன் விட்டுத் தேடும் இடம். பொறுப்பு அதிகாரி வாசலுக்கே வந்துவிட்டார். ஹரிஹரசுதன் என்று பெயர், முப்பத்தைந்து வயதிருக்கும். சட்டை கசங்கவில்லை, ஆனால் கண் தூங்கி மூன்று நாளாகியிருந்தது.

"மூணு நாளைக்கு முன்னாடி ஒரு பைபர் படகு கவுந்துடுச்சு மேடம். மூணு பேர். ரெண்டு பேரை அன்னிக்கே எடுத்துட்டோம். ரெமிஜியூஸ்னு ஒருத்தர் மட்டும் கிடைக்கல. விதிப்படி எழுபத்திரண்டு மணி நேரம் தேடலாம். இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு முடியுது" என்றார்.

"அதுக்கும் ஸ்கிரீனுக்கும் என்ன சார்?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவரோட மனைவி உள்ள உக்காந்திருக்காங்க. பெஞ்சுக்கு நேரா இந்தப் பழைய ஸ்கிரீன்தான் இருக்கு. ஒவ்வொரு புள்ளியையும் காட்டி இது என்ன, அது என்னன்னு கேக்குறாங்க. எங்க ஆளுங்களால வேலை பாக்க முடியல. கார்டு போச்சும்மா, அது வெறும் கோளாறுன்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க."

ஆக, மெஷின் கெட்டதற்காக என்னைக் கூப்பிடவில்லை. ஒரு பெண்பிள்ளை கேள்வி கேட்கிறாள் என்பதற்காகக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வந்த வேலையைப் பார்க்க வேண்டும் அல்லவா, உள்ளே போனேன்.

கூடத்தில் ஆறு புதிய திரைகள், சுவர் அளவு. எல்லாவற்றிலும் கடல். ட்ரோன் மேலிருந்து காட்டும் கடல், புதுப் பட்டுச் சேலையை விரித்த மாதிரி மடிப்பு மடிப்பாக, ஒரு தூசி துரும்பு இல்லாமல் நீலமாக ஓடிக்கொண்டிருந்தது. திரைக்கு ஒருவராக ஆறு பேர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் ஒரு மரமேசை, அதன் அடியில் கறுப்புப் பெட்டி. இருபத்து நான்கு வருடப் பழசு. ட்ரோனின் சிக்னலை வந்தது வந்தபடி பதிவு செய்வதுதான் அதற்கு வேலை. அந்த வேலைக்குப் புது மெஷினில் யாரும் மென்பொருள் எழுதவில்லை, அதனால் விட்டுவைத்திருந்தார்கள். அதன் திரையை ஏன் அணைக்கவில்லை என்று கேட்டேன். அணைத்தால் பதிவும் நின்றுவிடுமோ என்று யாருக்கும் தைரியம் வரவில்லையாம்.

அந்தச் சின்னத் திரையிலும் அதே கடல்தான். ஆனால் பழுப்பாக, மங்கலாக, அம்மை போட்ட முகம் மாதிரி புள்ளிகளோடு.

எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். பக்கத்தில் யாரோ வாங்கிக் கொடுத்த இட்லிப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. அவள் பெயர் அமலோற்பவம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். என்னை ஏறிட்டுப் பார்த்து, "எக்கா, இதச் சரி பண்ணத்தான் வந்தியளா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"கொஞ்சம் பொறுத்துப் பண்ணுங்க. நான் ஒண்ணப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

நான் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

திரைக் கோளாறு பார்ப்பதில் ஒரு முறை இருக்கிறது. முதலில் கேபிள். பிடுங்கிச் செருகினேன், புள்ளி போகவில்லை. அடுத்தது திரை. கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் அழுத்திக்கொண்டு எஃப் மூன்றைத் தட்டினால் படமெல்லாம் போய்க் கறுப்பில் வெள்ளை எழுத்து மட்டும் வரும். வந்தது. அங்கே ஒரு புள்ளி இல்லை, சுத்தமான கறுப்பு. அப்படியென்றால் திரையின்மேல் பழியில்லை. பிறகு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை என் பழைய மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன். புள்ளிகள் அதிலும் இருந்தன. அதாவது திரைக்குப் போவதற்கு முன்பே, பெட்டிக்குள்ளேயே, படத்தில் புள்ளி இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி விசிறியில் அப்பியிருந்த உப்புத் தூசியைத் தட்டினேன். மெமரி சோதனை ஓட்டினேன். தேறிவிட்டது.

மிச்சம் டிரைவர்தான். கார்டை எப்படி நடத்த வேண்டும் என்று லினக்ஸுக்குச் சொல்லித்தரும் நிரல் அது. மெஷின் கிளம்பும்போது படிக்கும் கோப்பைத் திறந்தேன். நோமோட்செட் என்று ஒரு சொல் இருந்தது. கார்டை அதன் மூளையைப் பயன்படுத்த விடாதே, வந்த படத்தை அப்படியே திரையில் வை என்று அர்த்தம். திரை வராமல் மக்கர் பண்ணும்போது அவசரத்துக்குப் போடுகிற கட்டு இது. பக்கத்தில் ஒரு குறிப்பு: தற்காலிகம், த.பு.

த.பு. நான்தான். பதினான்கு வருடத்துக்கு முன்னால் இதே கட்டடத்துக்கு வேறு பெயர் இருந்தபோது வந்திருக்கிறேன். அன்றைக்கு நாத்தனார் மகள் கல்யாணம். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து டிரைவரைச் சரிசெய்யாமல் ஒரு சொல்லைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். எங்கள் தொழிலில் தற்காலிகம் என்று எழுதிவைத்த எதுவும் அதற்குப் பிறகு மாறியதாகச் சரித்திரம் இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. யாரும் பார்ப்பதற்குள் அந்தச் சொல்லை அழித்தேன். புது டிரைவரை ஏற்றினேன், கூடவே படத்தைத் துலக்கிக் காட்ட இப்போது எல்லாத் திரைக்கும் போடுகிற தெளிவு என்ற மென்பொருளையும் ஏற்றினேன். மெஷினை மறுபடி கிளப்பினேன்.

நீலக்கடல் வந்தது. ஒரு புள்ளி இல்லை.

ஹரிஹரசுதன், "அப்பாடா" என்றார். திரை பார்த்துக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன் கைகூடத் தட்டினான். அமலோற்பவம் எழுந்து நின்றாள். திரைக்கு வெகு அருகில் வந்தாள்.

"எக்கா, அவிய எங்க?"

"யாரு?"

"காலைலேருந்து நான் பாத்துக்கிட்டு இருந்தனே. இந்தா, இந்த மூலையில போய்க்கிட்டு இருந்தாவ. என்ன செஞ்சிய நீங்க?"

"அது கோளாறும்மா. சரி பண்ணிட்டேன்."

அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. "போய்க்கிட்டு இருந்துச்சே எக்கா" என்று மட்டும் சொன்னாள். அந்த வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. முப்பது வருடமாகக் கெட்டுப்போன கார்டுகளைப் பார்க்கிறேன். கெட்ட கார்டு போடும் புள்ளி திரையில் ஓர் இடத்தில் இருக்கும், இல்லாவிட்டால் கண்ட இடத்தில் மின்னும். போய்க்கொண்டு இருக்காது. தவிர, வேலை முடிந்தது என்றால் என்ன கோளாறு என்று என்னால் சொல்ல முடிய வேண்டும். கேபிள் நன்றாக இருக்கிறது, திரை நன்றாக இருக்கிறது, மெமரி நன்றாக இருக்கிறது. பிறகு புள்ளி எங்கிருந்து வந்தது? எனக்குத் தெரியவில்லை. தெரியாமலே கடையைக் கட்டப் பார்த்திருக்கிறேன்.

"சார், ஒரு பத்து நிமிஷம்" என்றேன்.

அழித்த சொல்லைத் திரும்ப எழுதினேன். மெஷினைக் கிளப்பினேன். புள்ளிகள் வந்தன. காலையில் பதிவான படத்தில் ஒரு நிமிடத்தை எடுத்து ஓட்டினேன், திரும்ப ஓட்டினேன், மூன்றாவது முறையும் ஓட்டினேன். அதே நொடியில் அதே இடத்தில் அதே புள்ளிகள். ட்ரோன் வலப்பக்கம் திரும்பியபோது கடல் இடப்பக்கம் நகர்ந்தது. புள்ளிகளும் கடலோடு சேர்ந்து நகர்ந்தன.

நான் ஹரிஹரசுதனைக் கூப்பிட்டேன்.

"சார், இது கோளாறு இல்ல. இந்தப் புள்ளி எல்லாம் கடல்ல இருக்கு" என்றேன்.

"என்ன சொல்றீங்க? அதே ட்ரோன்தான் மேடம். அங்க ஆறு ஸ்கிரீன்லயும் ஒண்ணும் இல்லையே."

"அங்க இருக்கிறது தெளிவு சார். கேமரா அனுப்புறது பத்துல ஒரு பங்கு படம்தான். மிச்சத்த கார்டே ரொப்பிக்கிடும். அது கோடிக் கடல் படத்தப் பாத்துப் படிச்சிருக்கு. கடல்னா எப்படி இருக்கணும்னு அதுக்கு ஒரு எண்ணம் உண்டு. அந்த எண்ணத்துக்கு ஒத்து வராதத எல்லாம் அழுக்குன்னு தொடச்சிரும்."

"படகெல்லாம் காட்டுதே. போன மாசம் கவுந்த படகுமேல உக்காந்திருந்தவங்களைக் கண்டுபிடிச்சோமே."

"படகு அதுக்குத் தெரியும். அவ்வளவு உயரத்துலேருந்து ஒரு ஆள் தலை எவ்வளவு பெருசு இருக்கும் சொல்லுங்க. மூணு புள்ளி. மூணு புள்ளிய அது ஆள்னு நினைக்காது."

அவர் சுவரிலிருந்த ஆறு திரைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சின்னத் திரையின் முன்னால் உட்கார்ந்தார். ஆறு பேரும் அவரவர் இடத்தை விட்டு எழுந்து வந்து பின்னால் நின்றார்கள்.

நாங்கள் எல்லோரும் கடலை முதல் தடவை பார்த்தோம். இதை மிகையாகச் சொல்லவில்லை. கடற்கரையிலேயே வேலை பார்க்கிறவர்கள் அவர்கள், நான் மாதம் ஒரு முறையாவது திருச்செந்தூர் போகிறவள். ஆனால் கரைக்கு அப்பால் உள்ள கடலாகப் பல வருடங்களாக எங்கள் கண்ணுக்கு வந்துகொண்டிருந்தது திரையில் கார்டு எங்களுக்காக வரைந்த கடல். இது வேறு. நுரை நூல்நூலாகக் கிழிந்து ஓடியது. எங்கோ ஒரு மந்தை மீன் திரும்பியபோது பத்துப் பனைமர நீளத்துக்குத் தண்ணீரின் நிறமே மாறியது. வெள்ளையும் கறுப்பும் பழுப்புமாக ஆயிரம் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஏதோ ஒன்று. அதில் எதுவும் சும்மா இல்லை என்பது புரிந்தபோது எனக்கு உண்மையிலேயே பயம் கலந்த ஒரு பக்தி வந்தது.

"இதுல ஆள் எது?" என்று கடைசியில் ஹரிஹரசுதன் கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. கோளாறு பார்க்கத்தான் நான் படித்தேன், கடல் பார்க்கப் படிக்கவில்லை.

அமலோற்பவம் எங்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். திரையைத் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். "இது நொரை. இது சொறிமீன், கூட்டமா வரும், தொட்டா அரிக்கும். இந்தா தெரியுதில்லா, இது ஆமை. பாத்துக்கிட்டே இருங்க, மூச்சு விட்டுட்டு உள்ள போயிரும்." போய்விட்டது. "இது தெர்மக்கோல். இது வெறும் கேன்."

"எப்படிம்மா சொல்றீங்க?"

"அடிக்கிறது கச்சான் காத்து சார். கனமில்லாத சாமான் எல்லாம் காத்து போற பக்கம் கெழக்க ஓடும். தண்ணிக்குள்ள காலத் தொங்கவிட்டிருக்க ஆளு காத்துக்கு ஓட மாட்டான். நீரோட்டம் எங்க இழுக்கோ அங்கதான் போவான். இன்னைக்கு நீரோட்டம் வடக்க. எங்க ஆளுங்க படகு கவுந்தா வெறுங் கேன நெஞ்சுல கட்டிக்கிடுவாவ. கெழக்க ஓடாம வடக்க போற புள்ளி, உள்ள முங்காத புள்ளி, அதத்தான் நான் காலைலேருந்து பாத்துக்கிட்டு இருந்தேன்." அவள் விரல் ஒரே இடத்தில் நின்றது. "இந்தா."

பார்த்தோம். ஆயிரம் புள்ளிகளும் ஒரு பக்கம் சாய்ந்து ஓட, ஒன்று மட்டும் அவற்றைக் குறுக்காகக் கடந்து, மிக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. இதை நான் துடைத்துவிட்டுப் போக இருந்தேன்.

ஹரிஹரசுதன் மைக்கை எடுத்தார். அருகில் இருந்த மீட்புப் படகின் கேப்டன் செய்யதுவுக்கு இடத்தைச் சொன்னார். இருபது நிமிடத்தில் படகு அங்கே போய்ச் சேர்ந்தது. ஸ்பீக்கரில் செய்யதுவின் குரல் வந்தது. "வந்துட்டோம் சார். ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்கு."

அமலோற்பவம் திரையைக் காட்டினாள். படகு அங்கேதான் நின்றது. புள்ளி அதற்கு ஒரு விரற்கடை தள்ளி இருந்தது. எனக்குச் சட்டென்று உறைத்தது.

"சார், அவங்க கண்ணுல போட்டிருக்கிறது என்ன?"

"தேடல் கண்ணாடி. வெயில் கூசாம இருக்க..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அதற்குள்ளும் சின்னதாக ஒரு திரை உண்டு. அதிலும் தெளிவு உண்டு. அலைக்கு நடுவில் தலையும் கையும் மட்டும் தெரிகிற ஆளையும் அது அலையென்றே துடைத்துவிடும்.

"செய்யது பாய், எல்லாரையும் கண்ணாடியக் கழட்டச் சொல்லுங்க."

"சார்? விதிப்படி அது..."

"நான் சொல்றேன். கழட்டிட்டு வெறுங் கண்ணால பாருங்க."

ஸ்பீக்கரில் என்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு யாரோ ஒருவன் கெட்ட வார்த்தை சொல்வது கேட்டது, கோபத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. பிறகு செய்யது. "சார், ஆள் இருக்கு சார். இவ்வளவு பக்கத்துல. கைய ஆட்டிக்கிட்டு இருக்கான் சார், இவ்வளவு நேரமும் ஆட்டிக்கிட்டு இருந்திருக்கான்."

கூடம் முழுவதும் மூச்சு விட்டது. பையன்களில் ஒருவன் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதான். நான் அமலோற்பவத்தின் தோளைப் பிடித்தேன். உடம்பு மரக்கட்டை மாதிரி இருந்தது.

"பேரக் கேளுங்க" என்றாள்.

கேட்டார்கள். பதில் வர நேரமாயிற்று. உதடு வெடித்திருக்கிறது, தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்றார் செய்யது. பிறகு, "ததேயுஸாம் சார். கன்னியாகுமரிப் பக்கம். நாலு நாள் ஆச்சாம்."

அந்தப் பெயர் எங்கள் பட்டியலிலேயே இல்லை. தெற்கே ஆறாம் பிரிவில் தேடப்பட்டவர். எழுபத்திரண்டு மணி நேரம் நேற்று முடிந்து, காணவில்லை என்று கையெழுத்துப் போட்டு, அந்தத் தேடலை மூடிவிட்டார்கள்.

நான் அமலோற்பவத்தைப் பார்க்கப் பயந்தேன். மூன்று நாள் சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்து, காலையிலிருந்து ஒரு புள்ளியையே பார்த்தவள், அது இன்னொருத்தியின் புருஷன் என்று கேட்டால் என்ன செய்வாள்? அவள் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை ஒரு முறை துடைத்தாள்.

"நேத்து அந்த ஊர் கோயில்ல துக்க மணி அடிச்சிருப்பாவ சார். மொதல்ல அந்தப் பொம்பளைக்குப் போன் போடுங்க. நம்ம கத பொறவு."

போன் போட்டார்கள். ஹரிஹரசுதன்தான் பேசினார். மறுமுனையில் என்ன கேட்டதோ தெரியாது, அவர் போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மணி நாலரை.

அமலோற்பவம் அதற்குள் எழுந்து திரைக்கு வந்திருந்தாள். நிதானமாக யோசித்துத்தான் பேசினாள். "சார், அந்த மனுசன் தெக்கேருந்து மெதந்து நம்ம கடலுக்கு வந்திருக்காரு. அப்ப நம்ம கடல்லேருந்து போனவிய வடக்கல்லா போயிருப்பாவ. நீங்க இங்கனயே தேடிக்கிட்டு இருந்தா எப்படி?"

"வடக்கே நாலாம் பிரிவும்மா. நம்ம ட்ரோன் அங்க பறக்கக் கூடாது. அவங்களும் தேடிட்டு இல்லைன்னு சொல்லிட்டாங்க."

"அவிய ஸ்கிரீன்ல புள்ளி உண்டா?"

அவர் என்னைப் பார்த்தார்.

"இருக்காது சார். பழைய மெஷின் எந்த மையத்துலயும் இல்ல. இருந்தா என்னைத்தான் கூப்பிட்டிருப்பாங்க. ஆனா அவங்க ட்ரோன் சிக்னல வந்தபடியே இங்க திருப்பி விட்டா இந்தப் பெட்டி வாங்கிக்கிடும்" என்றேன்.

நாலாம் பிரிவின் அதிகாரியை ஹரிஹரசுதன் போனில் பிடித்தார்; அவர் நல்ல மனிதராகத்தான் பேசினார். எங்கள் கடல் சுத்தமாக இருக்கிறது சார், ஒரு தூசி இல்லை என்றார். சிக்னலைத் திருப்பிவிட வேண்டுமானால் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வேண்டும் என்றார். ஹரிஹரசுதன் மாதிரி ஆட்களை எனக்குத் தெரியும். சட்டையைக் கசங்காமல் வைத்துக்கொள்கிறவர்கள் விதியை மீற மாட்டார்கள். அதனால் அவர் அடுத்துச் சொன்னதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

"கடிதம் நாளைக்கு வரும் சார். வேலை போனா என் வேலை போகட்டும். பதினோரு வருஷமா இந்த மையத்துல காணவில்லைன்னு போட்ட கையெழுத்துல நாப்பத்தொண்ணு என்னோடது. இப்பதான் ஒரு ஆளை எடுத்தோம், எங்க ஸ்கிரீன்ல அவர் இல்லவே இல்ல. நீங்க இப்ப சிக்னலை விடுங்க, இல்லைன்னா அடுத்த கையெழுத்து உங்களோடது."

மறுமுனையில் அவர் யாருக்கோ உத்தரவு போடுவது கேட்டது. ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்குச் சின்னத் திரை ஒரு முறை கறுத்தது. விசிறி இரைந்தது. இருபத்து நான்கு வருடப் பெட்டி, இரண்டு கடலை ஒரே நேரத்தில் தாங்க வேண்டும். இத்தனை வருடத்தில் ஒரு மெஷினிடம் நான் வேண்டிக்கொண்டதில்லை, அன்றைக்கு வேண்டிக்கொண்டேன். படம் வந்தது.

அந்தக் கடலும் நிறைந்திருந்தது. சாய்ந்த வெயிலில் புள்ளிகளுக்கு நிழல்கூட விழுந்தது. அமலோற்பவம் மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். நாங்கள் அவள் தோளுக்குப் பின்னால் நெருங்கி நின்றோம். நுரை, சொறி, கேன் என்று அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. நானும் பார்த்தேன், இப்போது எனக்கும் கொஞ்சம் பிடிபட்டது. எல்லாம் கிழக்கே ஓடுகின்றன. ஓடாதது எது? ட்ரோன் கடலை உழுவதுபோல வரிவரியாகப் போய்க்கொண்டிருந்தது. ஐந்தே கால். ஐந்தரை. ஆறு மணிக்கு மேல் விதி இருக்காது, கொஞ்ச நேரத்தில் வெளிச்சமும் இருக்காது.

ஐந்து நாற்பதுக்கு அவள் முணுமுணுப்பு நின்றது. விரல் எழுந்தது, திரையைத் தொடாமல் காற்றில் நின்றது.

"அவியதான்" என்றாள்.

"எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டேன். போன தடவையும் இப்படித்தான் நினைத்தாள் என்பது எனக்கு மறக்கவில்லை.

"தெரியாது எக்கா. யாரோ ஒருத்தர். போகச் சொல்லுங்க."

நாலாம் பிரிவின் படகு போயிற்று. கண்ணாடியைக் கழற்றச் சொல்லி இந்த முறை முதலிலேயே சொல்லிவிட்டோம். அந்த ஆறேழு நிமிடமும் ஹரிஹரசுதன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் கரகரத்தது. ஆள் இருக்கிறது என்றார்கள். உயிர் இருக்கிறது என்றார்கள். பேரைக் கேளுங்கள் என்று யாரும் சொல்வதற்கு முன்னால் ஒரு வறண்ட குரல், காய்ந்த ஓலை உரசுவதுபோல, "வீட்டுல அமலிகிட்ட சொல்லிருங்க" என்றது.

ஆறு பையன்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். சுவரில் ஆறு பெரிய திரைகளிலும் நீலக்கடல் அழகாக, யாருமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவற்றை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அமலோற்பவம் மைக்கில் நாலே வார்த்தை பேசினாள். "இருக்கேன். தண்ணியக் குடிங்க மொதல்ல." பிறகு மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அழுதாள், நன்றாக, வாய்விட்டு. மூன்று நாள் அழுகை. நாங்கள் தடுக்கவில்லை.

ஹரிஹரசுதன் அவளுக்கு முன்னால் குனிந்து, "ஜீப் சொல்லிட்டேம்மா. ஆஸ்பத்திரிக்கு நேரா கூட்டிட்டுப் போவாங்க. அவர் வர்றதுக்குள்ள நீங்க போயிடலாம். கிளம்புங்க" என்றார். அவருடைய கை, தேடல் முடிந்தால் திரைகளை அணைக்கிற பழக்கத்தில், சின்னத் திரையின் பொத்தானுக்கும் போயிற்று. மணி ஆறாக இரண்டு நிமிடம் இருந்தது.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். போகிறவள் திரையை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அணைக்காதிய சார். இன்னும் ஒண்ணு வடக்க போவுது."